டோக்கு: கோத்தகிரியில் இருந்துகொண்டு ஒரு சர்வரைப் பராமரித்த இரண்டரை ஆண்டுகள்

கோத்தகிரி கடைவீதியில் ஒரு மாடியறையில் இருந்துகொண்டு மூன்று வலைச்செயலிகளை நான் பராமரித்து வருகிறேன். முதலாவது, சிறு விவசாயிகளிடமிருந்து பசுந்தேயிலை வாங்கித் தொழிற்சாலைக்கு அனுப்பும் ஓர் ஏஜென்டின் எடைக் கணக்கு. இரண்டாவது, குன்னூர்ப் பக்கம் நான்கு அறைகள் மட்டுமே உள்ள ஒரு ஹோம்ஸ்டேவின் முன்பதிவுத் தளம். மூன்றாவது, ஊர்த் திருவிழா நேரத்தில் மட்டும் உயிர்பெறும் ஒரு வரவு செலவுக் கணக்கு. இவை மூன்றும் 2023 ஏப்ரல் முதல் ஒரே வாடகை சர்வரில், டோக்கு என்ற திறமூல மென்பொருளின் மேல் ஓடுகின்றன. அந்த மென்பொருளைப் பற்றிய மதிப்பீடுதான் இது. மின்சாரமும் இணையமும் நம் விருப்பத்துக்கு வருவதில்லை என்பதைப் பழக்கமாக ஏற்றுக்கொண்ட ஊர்களில் இதே வேலையைச் செய்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

டோக்குவை 2013-இல் ஜெஃப் லிண்ட்சே என்பவர் வெளியிட்டபோது அது ஏறத்தாழ நூறு வரி பாஷ் (லினக்ஸ் கட்டளை மொழி) நிரல்தான். ஹீரோக்கு என்ற சேவை அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஒரு வசதியைப் பரவலாக்கியிருந்தது. நிரலை எழுதியவர், நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியில் 'கிட் புஷ்' என்ற ஒரே கட்டளையைக் கொடுத்தால் போதும், அதைக் கட்டுவது, ஓட்டுவது, வெளியுலகுக்குத் திறந்துவிடுவது எல்லாவற்றையும் அந்தச் சேவையே பார்த்துக்கொள்ளும். அதே வசதியை நாமே வாடகைக்கு எடுத்த ஒரு சாதாரண லினக்ஸ் சர்வரில் டாக்கர் (செயலியை அதற்குத் தேவையானவற்றோடு ஒரே பொதியாகக் கட்டி ஓட்டுவது), என்ஜின்எக்ஸ் (வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளைச் செயலிக்கு அனுப்புவது) ஆகியவற்றின் துணையோடு தருவதுதான் டோக்குவின் வேலை. ஹீரோக்கு 2022 நவம்பர் 28 முதல் தன் இலவசத் திட்டங்களை நிறுத்தியபோது மாற்று தேடியவர்களில் பலர் இதன் பக்கம் திரும்பினார்கள். நானும் அந்த அலையில் வந்தவன்தான்.

அதற்கு முன் என் செயலிகள் ஒரு பகிர்வு ஹோஸ்டிங் நிறுவனத்தில் இருந்தன. அங்கே கோப்புகளை எஃப்டிபி வழியாக ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். ஆனி, ஆடிக் காற்றில் கம்பிமேல் மரம் விழுந்து இணைப்பு அறுபடுவது இங்கே ஆண்டுதோறும் நடப்பது. நூற்றிருபது கோப்புகளில் எழுபது ஏறிய நிலையில் இணைப்பு போனால், பாதி பழையதும் பாதி புதியதுமான ஒரு செயலி அங்கே கிடந்து, திறப்பவர்களுக்கெல்லாம் பிழைச்செய்தியைக் காட்டிக்கொண்டிருக்கும். அதன்பின் டாக்கர் கற்றுக்கொண்டு மடிக்கணினியிலேயே இமேஜ் என்ற அந்தப் பொதியைக் கட்டி மேலே ஏற்றிப் பார்த்தேன். அறுநூறு, எழுநூறு எம்பி அளவுள்ள ஒரு பொதியை மழைக்கால மாலையில் கோத்தகிரியிலிருந்து அனுப்புவது எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

டோக்குவில் எனக்கு முதலில் பிடித்தது இந்த இடம்தான். கிட் வழியாக மேலே போவது நான் மாற்றிய வரிகள் மட்டும்; பெரும்பாலும் சில பத்து கேபி. இமேஜ் கட்டப்படுவது தரவு மையத்தில் உள்ள சர்வரில், அங்கிருக்கும் வேகத்தில். அதிலும் ஒரு படி மேலே போய், இப்போது நான் நேரடியாக சர்வருக்கு புஷ் செய்வதே இல்லை. நிரலை முதலில் கிட் களஞ்சியத்துக்கு அனுப்பிவிடுகிறேன். பிறகு எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாக சர்வருக்குள் நுழைந்து, டிமக்ஸ் அமர்வு ஒன்றைத் திறந்து, டோக்குவின் 'கிட்:சிங்க்' கட்டளையை '--பில்ட்' தெரிவோடு கொடுக்கிறேன். களஞ்சியத்திலிருந்து நிரலை இழுத்துக் கட்டி ஓட்டும் வேலை முழுவதும் அங்கேயே நடக்கிறது. நடுவில் என் அறையில் விளக்கு அணைந்தாலும் டிமக்ஸ் அமர்வு அறுபடாது. அரை மணி கழித்துக் கைப்பேசி இணைப்பில் திரும்ப நுழைந்து முடிவைப் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவதாகப் பாராட்ட வேண்டியது, செயலி நிற்காமல் புதிய பதிப்புக்கு மாறும் முறை. புதிய கன்டெய்னரை (இமேஜிலிருந்து ஓடும் செயலிப் பிரதி) தொடங்கியவுடன் டோக்கு பழையதை நிறுத்திவிடுவதில்லை. நாம் வேறு எதுவும் சொல்லாவிட்டால் புதியது பத்து விநாடி விழாமல் நிற்கிறதா என்று பார்க்கும். 'ஆப்.ஜேசன்' கோப்பில் ஓர் உடல்நலச் சோதனை முகவரியைக் கொடுத்திருந்தால் அதைத் தட்டிப் பார்க்கும். சரியாக இருந்தால் மட்டுமே என்ஜின்எக்ஸ் புதியதன் பக்கம் திரும்பும். கையில் இருக்கும் வேலைகளை முடிப்பதற்காகப் பழையது மேலும் அறுபது விநாடி உயிரோடு இருக்கும். சோதனையில் தேறாவிட்டால் புதியது கைவிடப்படும், பழையது எதுவும் நடவாததுபோல் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு காலை, குறுஞ்செய்திச் சேவைக்கான சாவியைச் சூழல் மாறிகளில் (நிரலுக்கு வெளியே வைக்கும் அமைப்புகள்) சேர்க்க மறந்து புதிய பதிப்பை அனுப்பிவிட்டேன். செயலி தொடங்கும்போதே அந்தச் சாவியைத் தேடி, கிடைக்காமல் விழுந்தது. திரையில் சிவப்பு வரிகள் ஓட, பதறிப்போய் எடைக் கணக்குத் தளத்தைத் திறந்தால், கீழே ஒரு கொள்முதல் நிலையத்தில் யாரோ 23.5 கிலோ என்று பதிந்துகொண்டிருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது.

சோதனை முகவரியை எழுதும் முறையில்தான் இதன் பலன் இருக்கிறது. வெறும் 'சரி' என்று பதில் தரும் ஒரு பக்கத்தை அங்கே வைத்தால் அது கண் துடைப்பு. தரவுத்தளத்தில் ஒரு வரியாவது படித்துவிட்டுப் பதில் தரும் பக்கமாக அது இருக்க வேண்டும்.

இந்த நிற்காத மாற்றத்தை நம்பி நான் ஒருமுறை ஏமாந்ததையும் சொல்லிவிடுகிறேன்; தவறு முழுக்க என்னுடையது. மழை நாளில் பறித்த இலையில் ஈரம் மிகுந்திருக்கும் என்பதால் எடையிலிருந்து ஒரு பகுதியைக் கழிப்பார்கள். இந்த ஈரக் கழிவை முதலில் கிலோவாகப் பதிந்துவந்தோம். பின்னர் விழுக்காடாக மாற்ற வேண்டும் என்று ஏஜென்ட் கேட்டார். நான் அட்டவணையில் அந்தப் பத்தியின் பெயரையே மாற்றும் ஒரு மைக்ரேஷனை (தரவுத்தள வடிவ மாற்றம்) எழுதி, டிப்ளாயின்போது (புதிய பதிப்பை சர்வரில் ஏற்றும்போது) தானாக ஓடும்படி 'ரிலீஸ்' பணியில் வைத்தேன். டோக்கு அந்தப் பணியைப் புதிய கன்டெய்னர் பொறுப்பேற்பதற்கு முன்பே ஓட்டும். ஆகவே தரவுத்தளம் புதிய வடிவத்துக்கு மாறிவிட்டது, ஆனால் வாசலில் நின்று வேலை செய்துகொண்டிருந்தது பழைய நிரல். அது பழைய பெயரில் எழுதப் பார்த்துத் தோற்றது. புதியது சோதனையில் தேறி வாசலுக்கு வர நாற்பது விநாடி சொச்சம் ஆயிற்று. நான் அதைச் செய்தது மாலை நாலு மணிக்கு, இலை வந்து குவியும் வேளையில். அன்றிரவு ஏஜென்ட் அழைத்தார். "தம்பி, ஏழு பேர் எடை ஏறலையே. சீட்டு என் கையிலதான் இருக்கு, கணக்குலதான் காணோம்" என்றார். எடை போடுபவர்கள் கையால் துண்டுச் சீட்டு எழுதும் வழக்கத்தை விடாமல் இருந்ததால் தப்பித்தேன்.

அதன்பின் இத்தகைய மாற்றங்களை மூன்று தவணைகளாகச் செய்கிறேன். முதல் டிப்ளாயில் புதிய பத்தியைச் சேர்த்து, நிரல் இரண்டிலும் எழுதும்படி விடுவது. சில நாள் கழித்துப் பழைய தரவைப் புதியதற்கு நிரப்பி, படிப்பதையும் புதிய பத்திக்கு மாற்றுவது. பழைய பத்தியை எவரும் தொடவில்லை என்று உறுதியான பிறகே அதை நீக்குவது. எந்தக் கருவியைப் பயன்படுத்தினாலும் இந்த ஒழுங்கு தேவைதான். டோக்குவின் ஆவணங்கள் ரிலீஸ் பணி எப்போது ஓடும் என்பதைத் தெளிவாகவே சொல்கின்றன. அந்த வரிசையின் உட்பொருளை நான்தான் யோசிக்கவில்லை.

மலைப்பகுதிக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. எடை போடுபவர்களின் கைப்பேசியில் ஓடுவது ஒரு முற்போக்கு வலைச்செயலி, அதாவது இணையம் இல்லாதபோதும் ஓடக்கூடிய வலைச்செயலி. சிக்னல் இல்லாத சரிவுகளில் உள்ள ஹட்டிகளிலும் (படுகர் ஊர்கள்) பதிவு செய்ய முடிய வேண்டும் என்பதால், உலாவியின் பின்னணியில் ஓடும் சர்வீஸ் வொர்க்கர் நிரலையும் படிவங்களையும் கைப்பேசியிலேயே சேமித்து வைத்திருக்கும். சிக்னல் கிடைக்கும்போது பதிவுகளை மேலே அனுப்பும். இதன் பொருள், சர்வரில் நான் பதிப்பை மாற்றிய கணமே எல்லோரும் புதியதற்கு வந்துவிட்டார்கள் என்று எண்ணக்கூடாது என்பதுதான். மூன்று நாளாகச் சிக்னலுக்கே வராத ஒரு கைப்பேசி, நான்காம் நாள் மாலை மேட்டுக்கு ஏறி வந்து, போன வாரத்து நிரலின் வடிவத்தில் முப்பது பதிவுகளை ஒரே மூச்சில் அனுப்பும். அவற்றை ஏற்றுக்கொள்ளும் பழைய ஏபிஐ (கைப்பேசிகள் பதிவு அனுப்பும் வாசல்) அங்கே இருந்தாக வேண்டும். நான் பழைய வடிவத்தை மூன்று வாரம் வரை விட்டுவைக்கிறேன். ஒவ்வொரு பதிவோடும் கைப்பேசியின் பதிப்பெண்ணும் வருவதால், கடைசிக் கைப்பேசி எப்போது மாறியது என்பதைப் பார்த்து நீக்குகிறேன். மேலும், சர்வர் பிழை என்று பதில் வந்தால் அந்தப் பதிவைக் கைப்பேசி வரிசையிலிருந்து தூக்கி எறியக்கூடாது. முன்பு சொன்ன ஏழு பேரின் எடை காணாமற்போனதற்கு என் நிரலின் இந்த அவசரமும் ஒரு காரணம்.

ஹோம்ஸ்டே தளத்தில் இத்தனை நுட்பம் தேவைப்படவில்லை. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம் என்பது உயர் நீதிமன்ற உத்தரவின்படி நடைமுறைக்கு வந்தபோது, முன்பதிவுப் பக்கத்தில் அதற்கான அறிவிப்பை உடனே சேர்க்க வேண்டியிருந்தது. கோடை விடுமுறைக் கூட்டம் உச்சத்தில் இருக்கும்போதே, முன்பதிவு செய்துகொண்டிருந்த எவரையும் தொந்தரவு செய்யாமல், அந்த மாற்றத்தை ஒரே நாளில் மூன்று முறை திருத்தி ஏற்றினேன்.

பாதுகாப்புச் சான்றிதழைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்புக்கான பிளக்இன் (துணை நிரல்) ஒரு கட்டளையில் சான்றிதழ் வாங்கித் தரும், இன்னொரு கட்டளையில் தானாகப் புதுப்பிக்கும் கிரான் (குறித்த நேரத்தில் ஓடும்) பணியைச் சேர்க்கும். அந்த இரண்டாவது கட்டளையை மறந்துவிட வேண்டாம். சான்றிதழ் 90 நாள்தான் செல்லும். காலாவதி நெருங்குகிறது என்று மின்னஞ்சல் அனுப்பும் வழக்கத்தை லெட்ஸ் என்க்ரிப்ட் 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. 2029 மார்ச்சிலிருந்து எந்தப் பொதுச் சான்றிதழும் 47 நாளுக்கு மேல் செல்லாது என்று முடிவாகியிருப்பதால், கையால் புதுப்பிப்பவர்களின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது.

இனி குறைகள். குறை என்பதைவிட, டோக்குவின் எளிமை நம்மை மறக்கச் செய்யும் விஷயங்கள் என்று சொல்வது பொருந்தும். டிப்ளாய் செய்வது இவ்வளவு சுலபமாகிவிட்டதால், அதன் அடியில் ஒரு சர்வர் இருக்கிறது, அதற்கு நினைவகமும் வட்டும் இயங்குதளமும் இருக்கின்றன என்பதே மறந்துபோகிறது. முதலில் ஒரு ஜிபி நினைவகமுள்ள சர்வரை எடுத்தேன். செயலிகள் ஓடுவதற்கு அது போதும். ஆனால் இமேஜ் கட்டுவதும் அதே சர்வரில்தான் நடக்கிறது என்பதால், ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளைக் கட்டும்போது நினைவகம் தீர்ந்து, இயங்குதளத்தின் கருவான கெர்னல் எதையாவது கொன்றாக வேண்டிய நிலைக்கு வந்து, அது தேர்ந்தெடுத்தது தரவுத்தளத்தை. இரண்டு ஜிபி ஸ்வாப் (நினைவகம் போதாதபோது பயன்படும் வட்டு இடம்) சேர்த்தபின் நிலைமை சரியானது. பின்னர் இரண்டு ஜிபி சர்வருக்கே மாறினேன். இப்போதைய மாத வாடகை ஜிஎஸ்டி சேர்த்து ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். மூன்று செயலிகளும் ஓடும் சர்வருக்கு இதுதான் செலவு. டோக்குவுக்குக் கட்டணம் இல்லை.

வட்டு நிறைந்த கதை இன்னும் வெட்கக்கேடானது. தரவுத்தளத்தின் இரவு பேக்கப்பை அதே சர்வரின் ஒரு கோப்புறையில் எழுதும்படி வைத்துவிட்டு, பழையவற்றை நீக்கும் வரியை எழுத மறந்துவிட்டேன். பதினான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிறு விடியற்காலையில் வட்டு நிறைந்தது. எழுத இடமில்லாமல் எங்கள் தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரஸ் நின்றுவிட்டது. பாதுகாப்புக்காக எடுத்துவைத்த பேக்கப்பே தரவுத்தளத்தை நிறுத்திய வகையில், வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிட்டது. டோக்குவின் போஸ்ட்கிரஸ் பிளக்இன் எஸ்3 வகை இணையவழிச் சேமிப்பகங்களுக்குக் கால அட்டவணைப்படி பேக்கப் அனுப்பும் வசதியை வைத்திருக்கிறது. அதைத் தொடக்கத்திலேயே பயன்படுத்தியிருக்க வேண்டும். இப்போது பேக்கப் வேறொரு நகரத்தில் உள்ள சேமிப்பகத்துக்குப் போகிறது. மாதம் ஒருமுறை அதை மடிக்கணினிக்கு இறக்கி, ஒரு வெற்றுத் தரவுத்தளத்தில் மீட்டு, முந்தைய நாளின் மொத்த எடை ஏஜென்டின் நோட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறேன்.

தரவுத்தளத்தின் பெரும் பதிப்பு மாற்றமும் கவனிக்க வேண்டியது. ஒவ்வொரு போஸ்ட்கிரஸ் பெரும் பதிப்புக்கும் ஐந்தாண்டு ஆதரவுதான். நான் தொடங்கிய 14-ஆம் பதிப்புக்கு 2026 நவம்பரோடு முடிகிறது. பிளக்இன் வழியாக இமேஜ் எண்ணை மட்டும் மாற்றினால் புதிய பதிப்பு பழைய தரவுக் கோப்புகளைத் திறக்க மறுத்துவிடும். புதிய சேவை ஒன்றை உருவாக்கி, பழையதிலிருந்து ஏற்றுமதி செய்து, புதியதில் இறக்குமதி செய்து, செயலியின் இணைப்பை மாற்றிவிட வேண்டும். எங்கள் அளவுக்கு இருபது நிமிட வேலை. ஆனால் அந்த இருபது நிமிடம் செயலி நிற்கும் என்பதால், இலை வராத நாளாகப் பார்த்துச் செய்தேன்.

புதிதாக வருபவர்கள் அவசியம் அறிய வேண்டிய இன்னொன்று: தரவுத்தளத்தை வெளியிலிருந்து பார்ப்பதற்காக 'எக்ஸ்போஸ்' கட்டளையைக் கொடுத்தால், அதன் போர்ட் (இணைப்பு வாசல்) உலகம் முழுவதற்கும் திறக்கிறது. உபுண்டுவின் யூஎஃப்டபிள்யூ தீச்சுவரை எழுப்பி வைத்திருக்கிறோமே என்று நினைக்கலாம். டாக்கர் திறக்கும் போர்ட்டுகள் அந்தச் சுவரைத் தாண்டிப் போய்விடும். எஸ்எஸ்எச் சுரங்கம் வழியாகப் பார்ப்பதே நல்லது.

முந்தைய பதிப்புக்குத் திரும்புவதற்கு நான் பின்பற்றும் வழி, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் கிட்டில் ஒரு டேக் (பெயர்க்குறி) போட்டுவைத்து, சிக்கல் வந்தால் பழைய டேக்கைக் கொடுத்து மறுபடியும் சிங்க் செய்வது. இது மீண்டும் ஒருமுறை கட்டும் வேலையைக் கேட்கிறது என்பதால் மூன்று நிமிடம் போகும். அந்த மூன்று நிமிடம் பொறுக்க முடியாதவர்கள் இமேஜை வெளியே கட்டி ஒரு ரெஜிஸ்ட்ரியில் (இமேஜ் கிடங்கு) வைத்து, 'கிட்:ஃப்ரம்-இமேஜ்' கட்டளையால் இறக்கிக்கொள்ளலாம். சர்வரின் நினைவகத் தொல்லையும் அதோடு தீரும்.

கண்காணிப்பு டோக்குவின் வேலை இல்லை. அப்டைம் குமா என்ற திறமூலக் கருவியை வேறொரு சிறு சர்வரில் வைத்து, தளம் விழுந்தால் டெலிகிராமில் செய்தி வரும்படி செய்திருக்கிறேன். அதே சர்வரில் வைத்திருந்தால் வீடு எரியும்போது காவலாளியும் உள்ளே மாட்டிக்கொண்ட கதைதான்.

யாருக்கு இது பொருந்தாது என்றும் சொல்ல வேண்டும். டோக்குவை நான் பயன்படுத்தும் விதத்தில் எல்லாமே ஒரே சர்வர். அது விழுந்தால் மூன்று செயலிகளும் விழும். ஒரு மணி நேரம் நின்றால் பெரும் பணம் போகும் என்ற நிலையில் இருப்பவர்கள் இதை எடுக்க வேண்டாம். கட்டளை வரியைக் கண்டு தயங்குபவர்களுக்கும் சிரமம்தான். வலைவழிக் கட்டுப்பாட்டுப் பலகை கட்டணப் பதிப்பில்தான் கிடைக்கிறது. பதிப்பெண் இன்னும் பூஜ்யத்தில்தான் தொடங்குகிறது. ஒவ்வொரு முறை புதுப்பிக்கும் முன்பும் இடம்பெயர்வுக் குறிப்புகளைப் படிக்காமல் கை வைக்கக்கூடாது. எங்களைப் போல, சர்வர் விழுந்தாலும் கைப்பேசிகள் பதிவுகளைப் பத்திரமாக வைத்திருக்கும், நோட்டிலும் சீட்டு இருக்கும் என்ற இடங்களுக்கு இது போதுமானது.

அப்படி விழுந்தால் நான் ஊரில் இல்லாமலும் எழுப்ப முடியுமா என்பதைப் போன வருடம் சோதித்துப் பார்த்தேன். என் சித்தப்பா மகன் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றை அவனிடம் கொடுத்து, புது சர்வர் ஒன்றில் எடைக் கணக்கை எழுப்பிக் காட்டு, என்னிடம் எதையும் கேட்காதே என்று சொல்லிவிட்டுக் கோயம்புத்தூர் போனேன். டோக்குவை நிறுவி, செயலியை உருவாக்கி, பேக்கப்பை மீட்டு, நிரலை சிங்க் செய்ய அவனுக்கு முப்பத்தைந்து நிமிடம் ஆனது. மேட்டுப்பாளையம் தாண்டும்போது அழைத்தான். "அண்ணா, கேக்கக் கூடாதுன்னு சொன்னீங்க. ஆனா டொமைன் பேரைப் புது ஐபிக்கு மாத்தணுமே, அந்த பாஸ்வேர்ட் எங்க இருக்கு?" அது என் கைப்பேசியில் மட்டும் இருந்தது. இப்போது ஓர் உறையிலிட்டு மேசை இழுப்பறையில் இருக்கிறது. குறிப்பில் மூன்றாவது பக்கமும் சேர்ந்திருக்கிறது.